டிரைவர் சீட்டில் நான், என் சைக்கிளில் டிரைவர்

நான் பஸ்ஸின் டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தேன்.

சீட்டு எனக்கு உயரம். செருப்பின் நுனி மட்டும்தான் கீழே தொட்டது. வெயிலில் காய்ந்த ஸ்டியரிங்கில் கை வைக்க முடியவில்லை. எஞ்சின் மூடிமேல் யாரோ மறந்துவிட்டுப் போன மல்லிகைப் பொட்டலம் வாடி, டீசல் வாசனையோடு கலந்து ஒரு மாதிரியாக மணத்தது.

வெளியே, எங்கள் ஊர்த் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், அந்த மினி பஸ்ஸின் டிரைவர் ஏழுமலை காக்கி பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு என் லேடீஸ் சைக்கிளில் ஏறிக்கொண்டிருந்தார். பால் ஊற்ற வந்தவர்கள் கேனைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"அக்கா, பிரேக்கு பிடிக்குமா?"

"நல்லா பிடிக்கும். மெதுவா போங்க தம்பி."

கண்டக்டர் படியில் நின்றுகொண்டு விழுந்து விழுந்து சிரித்தார். "ஓனர் இந்தப் பக்கம் வந்தாருன்னா தொலைஞ்சோம்."

என் வாழ்க்கையில் நான் பெருமையாக நினைத்துக்கொள்கிற நாட்கள் ரொம்ப இல்லை. மகள் பிறந்த நாள் ஒன்று. முதல் மாதச் சம்பளம் வாங்கிய நாள் ஒன்று. அடுத்தபடியாக இந்தப் பஸ் சீட்டில் உட்கார்ந்திருந்த மத்தியானத்தைத்தான் சொல்வேன். அது எப்படி நடந்தது என்று சொல்கிறேன்.

எதில் போகிறீர்கள்?

போன வாரம் ரத்தப் பரிசோதனை லேபில் வேலைக்குச் சேர்ந்த கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகி, "கிராமத்திலிருந்து டவுனுக்கு தினம் எதில் போகிறீர்கள்?" என்று கேட்டிருந்தார். சைக்கிளில்தான் அம்மா. இப்போதும் சைக்கிளில்தான்.

எங்கள் ஊர் திருவண்ணாமலையிலிருந்து கீழ்பென்னாத்தூர் போகிற ரோட்டில், இடது பக்கம் திரும்பி உள்ளே போனால் இருக்கிறது. சைக்கிள் என் மகள் சந்திராவுடையது. பிளஸ் ஒன் படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் கொடுத்தது. அவள் வேலூருக்குக் காலேஜ் படிக்கப் போன பிறகு அது மாட்டுக்கொட்டகையில் நின்று தூசி படிந்துகொண்டிருந்தது. ஒருநாள் நானே துடைத்து, காற்றடித்து, எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

பஸ் இல்லாமல் இல்லை. ஆனால் என் பிரச்சினை வேறு. நாங்கள் இந்தப் பக்கத்து சமணக் குடும்பம். பொழுது சாய்ந்தபின் சாப்பாடு கிடையாது. லேபில் வேலை முடிந்து பஸ்ஸுக்கு நின்றால், அது கூட்டத்தோடு ஆடி அசைந்து வந்து சேர்வதற்குள் சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும். கோடையில் சமாளிக்கலாம். கார்த்திகை மார்கழியில் வாரத்தில் பாதி நாள் வெறும் வயிற்றோடு படுத்திருக்கிறேன். சைக்கிள் வந்த பிறகுதான், பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுகிற என் ராச்சாப்பாடு எனக்குத் திரும்பக் கிடைத்தது.

வீட்டுக்காரருக்குப் பிடிக்கவில்லை. அவர் டவுனில் ஒரு ஹார்டுவேர் கடையில் வேலை பார்க்கிறார். மொபெட்டில் போய் வருவார். என் நேரமும் அவர் நேரமும் ஒத்துவராது.

"இந்த வயசுல சைக்கிளு. ஊரே பார்க்குது."

"பார்க்கட்டும். என்னைப் பார்த்துட்டு ஒதுங்கிப் போனாங்கன்னா எனக்கு நல்லதுதானே?" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

மலை முன்னால், வெயில் பின்னால்

காலையில் போகும்போது மலை நேர் எதிரே இருக்கும். வெயில் முதுகில் அடிக்கும். ரோட்டோரத்தில் ஈரமண் வாசனை, டீக்கடை பாய்லர் புகை, வேர்க்கடலை வண்டி தாண்டிப் போனால் அந்தப் பச்சை வாசனை. சாயங்காலம் எல்லாம் மாறிவிடும். சூரியன் எனக்குப் பின்னால். எதிரே டவுனை நோக்கி வருகிறவர்களுக்கு அது நேர் கண்ணில். கண்ணைச் சுருக்கிக்கொண்டு முந்துகிறவர்கள் என் பக்கத்துக்கே வந்துவிடுவார்கள். நான் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது.

இதைக் கண்டுபிடிக்கவே எனக்குச் சில மாதங்கள் ஆயின. அதன் பிறகு சாயங்காலத்தில் எதிரே ஒரு லாரி வந்தால், அதன் பின்னால் இன்னொன்று முந்தப் பார்க்கிறதா என்று லாரியின் ஓரத்தையே கவனிப்பேன்.

சந்திரா போனில் பாடம் எடுப்பாள். "அம்மா, திரும்பறதுக்கு முன்னாடி கையை நல்லா நீட்டணும். வெட்கப்பட்டுக்கினு பாதி நீட்டினா, கொசு ஓட்டறேன்னு நினைச்சிப்பாங்க."

நீட்டினேன். முதல் நாள் பெரிய தெருவில் ஒரு ஆட்டோக்காரர் நான் தன்னைக் கூப்பிடுவதாக நினைத்து நிறுத்திவிட்டார்.

சேலையில் மடிப்புக்கு ஒரு பின், முந்தானைக்கு ஒரு பின். செயின் கவர் இல்லாமல் சைக்கிளை எடுக்கவே மாட்டேன். பின்னால் ஒரு சிவப்பு விளக்கு, மட்கார்டில் பளபளக்கிற ஸ்டிக்கர். சிக்னலில் கோட்டுக்குப் பின்னால் நிற்பேன். சைக்கிள்தானே என்று ஓரமாக உருட்டிக்கொண்டு போய்விடலாம்தான், யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் பொழுதைத் துரத்திக்கொண்டு ஒருநாளும் நான் சிவப்பு விளக்கைத் தாண்டியதில்லை. அப்படி நின்றதால் சாப்பாடு போன நாட்களும் உண்டு. பசித்தது. ஆனாலும் நன்றாகத் தூங்கினேன்.

பௌர்ணமிக்கு முந்தின நாளிலிருந்தே டவுன் நிறைந்துவிடும். ஆந்திராவிலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் வந்தவர்கள் செருப்பில்லாமல், பை தலைமேல், கைக்குழந்தை இடுப்பில், கோபுரத்தை அண்ணாந்து பார்த்தபடியே ரோட்டில் நடப்பார்கள். மணியடித்தால் பயந்து தவறான பக்கம் குதிப்பார்கள். அந்த நாட்களில் தேரடித் தெருவில் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போய்விடுவேன். லாரிக்காரரிடம் நான் எதை எதிர்பார்க்கிறேனோ அதை என்னிடம் எதிர்பார்க்க அவர்களுக்கும் உரிமை உண்டு அல்லவா?

திருப்பம்

இவ்வளவு கவனமாக இருந்தும் ஒருநாள் விழுந்தேன்.

மழை விட்டிருந்த சாயங்காலம். மெயின் ரோட்டிலிருந்து எங்கள் ஊருக்குத் திரும்பும் இடம். இடது கையை நீட்டிவிட்டுத் திரும்ப ஆரம்பித்தேன். அதே நேரம் எங்கள் ஊர் மினி பஸ்ஸும் என் வலது பக்கமாக வந்து திரும்பியது.

பஸ்ஸின் முன்பக்கம் என்னைத் தாண்டிவிட்டது. தப்பித்தேன் என்றுதான் நினைத்தேன். ஆனால் நீளமான வண்டி திரும்பும்போது பின்பக்கம் உள்ளே ஒடுங்கி வரும் என்பது எனக்குத் தெரியாது. தகரச் சுவர் மாதிரி அது என் பக்கமாக நகர்ந்து வந்தது. ஹேண்டில்பாரிலும் என் வலது முழங்கையிலும் இடித்து உரசியது. ரோட்டோரத்துக் கருவேல முள்ளில் போய் விழுந்தேன்.

பஸ் நிற்கவே இல்லை. சத்தமே கேட்காததுபோல் உள்ளே போய்விட்டது.

நடவு வேலை முடிந்து வந்த இரண்டு பெண்கள்தான் என்னைத் தூக்கினார்கள். ஒருத்தி முள்ளைப் பிடுங்கினாள். இன்னொருத்தி சைக்கிளை நிமிர்த்தி, கோணிய ஹேண்டிலைக் காலுக்கிடையில் வைத்து நேராக்கிக் கொடுத்தாள். வலது முழங்கை வீங்கிக்கொண்டே வந்தது.

வலது கை என்றால் என் பிழைப்பு. ஊசி பிடிக்கிற கை. நரம்பைத் தொட்டுப் பார்த்து, ஒரே குத்தில் ரத்தம் எடுக்கிற கை. பிறந்த குழந்தைக்கும் நான்தான் எடுப்பேன். மறுநாள் லேபில் ஒரு பெரியவரின் கையைப் பிடித்தபோது என் விரல்கள் நடுங்கின. ஊசியைக் கீழே வைத்துவிட்டேன். "நீ ரெஸ்ட் எடும்மா" என்று அனுப்பிவிட்டார்கள். கை சரியாகாவிட்டால் வேறு ஆளை வைத்துக்கொள்வார்கள் என்பதை யாரும் சொல்லவில்லை. சொல்லவும் தேவையில்லை.

வீட்டுக்காரர் அன்றைக்குத்தான் கடுமையாகப் பேசினார்.

"போதும். கை போச்சுன்னா இன்னா பண்ணுவ? சைக்கிள யாருக்காவது குடுத்துடு."

"கை சரியாயிடும்."

"அடுத்த தடவ தலையா இருந்தா? பஸ்ஸுக்காரன் நின்னு பார்த்தானா? அவனுக்கு நீ யாரு?"

கடைசிக் கேள்விதான் என்னைத் தூங்கவிடவில்லை. அவனுக்கு நான் யாரு?

"ஏன் பார்க்கல?"

கையில் கட்டோடு, மறுநாள் மத்தியானம் தண்ணீர்த் தொட்டிக்குப் போனேன். மினி பஸ் அங்கேதான் திருப்பி நிறுத்தி, அடுத்த டிரிப்புக்குக் காத்திருக்கும். டிரைவர் படியில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். நெற்றியில் விபூதி.

"சாப்பிடுங்க தம்பி. முடிச்சிட்டுப் பேசறேன்" என்றேன்.

அவர் கட்டைப் பார்த்தார். மூடியை மறுபடி மூடிவிட்டார். "இன்னாங்க அக்கா?"

சொன்னேன். முகம் மாறியது. எழுந்து நின்றுவிட்டார்.

"சத்தியமா பார்க்கலக்கா. பார்த்திருந்தா நிறுத்தாம போவனா? நான் அந்த மாதிரி ஆளு இல்ல. கண்ணாடியில நீங்க இல்லவே இல்ல."

"பார்க்கலைன்னு எனக்கும் தெரியும். சண்டைக்கு வரல. ஏன் பார்க்கலன்னு கேக்கத்தான் வந்தேன். கையை நீட்டினேன், விளக்கு எரிஞ்சுது. நாளைக்கும் நான் அதே ரோட்லதான் வரணும். நீங்களும் அங்கதான் வரணும்."

அவர் டிபன் பாக்ஸைப் படியில் வைத்தார். கண்டக்டரைப் பார்த்தார். அவர் வேறு பக்கம் பார்த்தார். பிறகு டிரைவர், "ஏறி உட்காருங்கக்கா" என்றார்.

அப்படித்தான் நான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன். அவர் என் சைக்கிளை உருட்டிக்கொண்டு போய் பஸ்ஸின் இடது பக்கம், படிக்குச் சற்று முன்னால் நின்றார்.

"தெரியறனா?"

முன்கண்ணாடியில் பார்த்தேன். பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். எட்டிப் பார்த்தேன். ஆறடி உயர ஆள், சைக்கிளோடு, காணோம். குரல் மட்டும்தான் வந்தது.

இத்தனை நாள் பஸ் பக்கத்தில் வந்தால், இடம் கொடுப்பதாக நினைத்துக்கொண்டு அங்கேயேதான் ஒண்டிக்கொண்டு போயிருக்கிறேன். டிரைவருக்குத் தெரியாத இடமாகப் பார்த்து ஒளிந்துகொண்டதுபோல.

"இப்ப பின்னாடி வர்றேன், பாருங்க." பத்தடி பின்னால் போனார். கண்ணாடியில் முழுசாகத் தெரிந்தார். கையை ஆட்டினார்.

"தெரியுது! தெரியுது!" என்று கத்தினேன். பால்காரர்கள் சிரித்தார்கள்.

"அங்க நின்னீங்கன்னா எனக்குத் தெரியும்க்கா. வண்டி திரும்பற இடத்துல மட்டும் பக்கத்துல வராதீங்க. பின்னாலயே நின்னுடுங்க."

சரி என்றேன். ஆனால் சீட்டைவிட்டு இறங்கவில்லை.

"உங்க இடத்துல நான் உட்கார்ந்துட்டேன். என் இடத்துல நீங்க போய்ப் பாருங்க. பாலம் வரைக்கும் போயிட்டு வாங்க."

ஒரு முழம் தார்

போனார். டிரிப்புக்கு நேரம் இருந்தது.

திரும்பி வந்தபோது சட்டை நனைந்திருந்தது. முகத்தில் சிரிப்பு இல்லை. சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு, கண்டக்டர் நீட்டிய தண்ணீரைக் குடித்தார்.

"இன்னாக்கா இது? ஓரத்துல போக ஒரு முழம் தாருகூட இல்ல. தார் முடியற எடத்துல ஒரு சாண் பள்ளம். அப்புறம் எல்லாம் மணலு. ஒரு இடத்துல நெல்லு காயப்போட்டு சுத்திக் கல்லு வெச்சிருக்காங்க. நடு ரோட்டுக்கு வந்துதான் தாண்டணும். வந்தா பின்னால ஒரு டெம்போ ஹாரன் அடிக்கிறான் பாருங்க, ஹாரனு… உயிரே போயிட்டு வந்துச்சு."

"தினமும் எனக்குப் போயிட்டுத்தான் வருது தம்பி."

"நானும் அப்படித்தான் அடிக்கிறேன்" என்றார் மெதுவாக. "ஓரமாப் போகச் சொல்லி அடிக்கிறேன். ஓரமே இல்லன்னு தெரியாது. மேலேர்ந்து பார்த்தா எல்லாம் ரோடாத்தான் தெரியுது."

அன்றைக்கு நாங்கள் இருவரும் படியில் உட்கார்ந்து பேசி முடிவு செய்ததை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பும் பெருமையும் சேர்ந்து வருகிறது. திருப்பத்தில் நான் பின்னால் நின்றுவிட வேண்டும். அவர் எனக்குப் பக்கத்தில் வந்து ஹாரன் அடிக்கக் கூடாது. தூரத்திலேயே ஒரு தடவை சின்னதாக அடித்தால் போதும், நான் தலையை ஆட்டுவேன். நெல்லோ கல்லோ கிடந்தால், நான் கையை நீட்டிவிட்டு முன்கூட்டியே நடுவுக்கு வருவேன். அவர் காத்திருக்க வேண்டும். தாண்டியதும் நான் ஒதுங்க வேண்டும்.

"பாலத்துல?" என்று கேட்டேன். எங்கள் ஊருக்கு முன்னால் ஏரிக்கால்வாய்மேல் ஒரு குறுகலான பாலம் உண்டு. ஒரு பக்கத்துக் கைப்பிடி உடைந்து போய் வருஷங்கள் ஆகின்றன.

"பாலத்துல நீங்க ஓரமா போகவே கூடாதுக்கா. ஓரமா போனா, இடம் இருக்குன்னு எவனாவது நுழைஞ்சிடுவான். நடுவுலயே போங்க. நான் பின்னால நிக்கிறேன்."

கிளம்பும்போது, "அன்னைக்கு நிறுத்தாம போயிட்டேன். மன்னிச்சிக்கோங்க" என்றார். அவருடைய சாம்பார் சாதம் அதற்குள் ஆறிப்போயிருந்தது.

பாலத்தில்

கை சரியாயிற்று. மறுபடி ஊசியைப் பிடித்த அன்று, முதல் ஆள் ஒரு பள்ளிக்கூடத்துப் பெண். "வலிக்கவே இல்ல ஆன்ட்டி" என்றாள். பாத்ரூமுக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தேன்.

பஸ்காரரோடு பேசி வைத்ததையெல்லாம் வீட்டில் சொல்லிவிட்டு, சைக்கிளையும் எடுத்தேன். வீட்டுக்காரர், "உன் இஷ்டம்" என்றார். அதற்குப் பிறகு சைக்கிள் பேச்சே எடுக்கவில்லை. அவர் கோபத்தில் கத்தினால் பதில் சொல்லலாம். பேசாமல் இருந்தால் நான் என்ன செய்ய?

ஏழுமலை சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். தூரத்தில் ஒரு சின்ன ஹாரன். நான் தலையை ஆட்டுவேன். இடம் விட்டு, சுற்றிப் போவார். கொஞ்ச நாளில், அந்த ரோட்டில் போகும் காலேஜ் பஸ்காரரும் அப்படியே செய்ய ஆரம்பித்தார். ஏழுமலை சொல்லியிருக்க வேண்டும். நானும் என்னோடு வேலை பார்க்கிற பெண்ணுக்கும், சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிற எங்கள் தெருப் பெண்களுக்கும் அந்தக் கண்ணாடிக் கதையைச் சொன்னேன். ஏழுமலை சலிக்காமல் அவர்களையும் ஒவ்வொருத்தியாகச் சீட்டில் ஏற்றிக் காட்டினார்.

ஐப்பசி மழையில் ஒரு சாயங்காலம். கால்வாயில் தண்ணீர் நிறைந்து, செம்மண் நிறத்தில் பாலத்தைத் தொட்டுக்கொண்டு ஓடியது. தவளைச் சத்தம். பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் பின்னாலிருந்து அந்தச் சின்ன ஹாரன் கேட்டது. தலையை ஆட்டினேன். திரும்பிப் பார்த்தேன். வலது கையை முழுசாக நீட்டினேன். நடுவுக்கு வந்தேன்.

பஸ் எனக்குப் பின்னால் நடை வேகத்துக்கு வந்தது. அதற்குப் பின்னால் ஒரு கார், இன்னும் பின்னால் ஒரு டிராக்டர். கார் ஹாரன் அடித்தது. பஸ் அசையவில்லை. நான் அவசரப்படவில்லை, ஓரத்துக்கும் போகவில்லை. பாலத்தைத் தாண்டி, அகலமாக இருந்த இடத்தில் இடது பக்கம் ஒதுங்கி, ஒரு காலை ஊன்றி, போங்கள் என்று கையைக் காட்டினேன். பஸ் போயிற்று. ஏழுமலை ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரலைத் தூக்கினார். காரும் போயிற்று. டிராக்டர்காரர் சிரித்துவிட்டுப் போனார்.

நான் தண்ணீர்த் தொட்டிக்கு வந்தபோது, பஸ்ஸைவிட்டு இறங்கி என் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். மொபெட் ஒர்க்ஷாப்பில் இருக்கிறதாம். அவர் அந்தப் பஸ்ஸில் வருவது எனக்குத் தெரியாது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவரோடு நடந்தேன்.

"பாலத்துகிட்ட பஸ்ஸு மெதுவா வந்தப்போ, ஒருத்தன் சத்தம் போட்டான்" என்றார் திடீரென்று.

"இன்னான்னு?"

"யாருய்யா அது நடு ரோட்ல, ஒரு சைக்கிளுக்காக இத்தனை பேரு நிக்கணுமானு."

"ஏழுமலை இன்னா சொன்னாரு?"

"அவரு வாயைத் திறக்கறதுக்குள்ள நான் எழுந்துட்டேன்."

நான் நின்றுவிட்டேன். அவர் என்னைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அது எங்க வூட்டுக்காரம்மா. பாலம் சின்னது, அதான் நடுவுல போறாங்க. தாண்டினதும் அவங்களே ஒதுங்கி வழி விடுவாங்க, பொறுத்துப் பாருன்னேன். நீயும் நான் சொன்ன மாதிரியே ஒதுங்கி நின்னு கையைக் காட்டின. அவன் அப்புறம் வாயே திறக்கல."

'போறாங்க.' 'விடுவாங்க.' கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், நாலு பேர் முன்னால் அவர் என்னை அப்படி மரியாதையாகச் சொல்லி நான் கேள்விப்பட்டது அன்றைக்குத்தான்.